வெள்ளிக்கிழமை மட்டும் முரண்டு பிடித்த ஜீப்பு

கரமனையில் கோமதிநாயகத்தின் வீட்டுக் கதவை அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் பகவதிப்பெருமாள் பிள்ளை தட்டிய தட்டில், உத்தரத்தில் குடியிருந்த பல்லிகள் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன என்று வன்னியபெருமாள் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். பல்லி விழுந்தது உண்மைதான். ஒரே ஒரு பல்லி. அதுவும் வன்னியபெருமாளின் இட்லித் தட்டில்.

எழுபத்துநாலாம் வருஷத்து ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். கோமதிநாயகம் இன்ஷூரன்சு கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எதனால் இப்படி ஆயிற்று என்று எழுதிக்கொடுக்கும் சர்வேயர். நசுங்கிய பஸ்ஸின் முகப்பு விளக்கைப் பார்த்தே, டிரைவர் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தானா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியது அவருடைய மனைவியின் தம்பி வன்னியபெருமாள். சாலைக் கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்தாலும், மனுஷனுக்குக் குற்றம் கண்டுபிடிப்பதில்தான் உயிர்.

"ஓய் கோமதிநாயகம், எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வேணும்" என்றார் பகவதிப்பெருமாள் பிள்ளை, மூச்சு வாங்க. "என் ஜீப்புல இருந்து கியரெல்லாம் களவு போயாச்சுன்னு எழுதித் தாரும்."

"வண்டி ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"கியர் இல்லாமலா?"

"அதுதானே ஓய் எனக்கும் விளங்கல்ல!" என்று பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

வன்னியபெருமாள் இட்லியை மறந்தார்.

கதை இதுதான். பிள்ளைக்கு வித்துராவுக்கு மேலே மலையில் கொஞ்சம் நல்லமிளகுத் தோட்டம். டிரைவர் உச்சிமாகாளி தினமும் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறுவான்; சாயங்காலம் மூட்டைகளோடு இறங்கி வருவான். வாரம் முழுவதும் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடும். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையின் மனைவி முத்தாரம்மாளை ஏற்றிக்கொண்டு வலியசாலைக் கோயிலுக்குப் போகும்போது மட்டும், அக்கிரகாரத்துத் தெருமுக்கில் திரும்புகிற இடத்தில் அதற்கு என்னவோ பிடித்துவிடும். ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டி தவளை மாதிரி தத்தும். அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். பிறகு எஞ்சின் அணைந்து நடுத்தெருவில் நின்றுவிடும்.

"போன வெள்ளிக்கிழமை அது முனகின முனகல்ல, பக்கத்து வீட்டுல பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜியைக் கீழ வச்சிட்டு எழும்பிட்டாங்க, கேட்டீரா?"

"அப்புறம்?"

"வழியை மறிக்குதுன்னு நாலு பேரு சேர்ந்து பின்னால தள்ளுவாங்க. தள்ளினதும் பழையபடி நல்ல வண்டி! மெக்கானிக்கு லிங்கம் வந்து ஓட்டிப் பாப்பான், ஒண்ணுமே இருக்காது. கியர்ப் பெட்டியைத் திறந்தும் பாத்தாச்சு. ஒரு பல்லு உடையல்ல."

"பின்னே களவு எங்கே வந்துது?"

"உச்சிமாகாளிதான்! வெள்ளிக்கிழமை மட்டும் சண்டித்தனம் பண்ணுதுன்னா, வியாழக்கிழமை ராத்திரி அவன் என்னமோ பண்ணுகான். நாளைக்கும் வண்டி நின்னுதுன்னா, அங்கேயிருந்தே அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன். அதுக்குத்தான் சர்ட்டிபிகேட்டு."

வன்னியபெருமாள் எழுந்தே விட்டார். "அத்தான்! விளங்கிப்போச்சு! அவன் வியாழக்கிழமை ராத்திரி நல்ல கியரைக் கழற்றி வாடகைக்கு விடுகான். வெள்ளிக்கிழமை ஓட்டைக் கியரு. சனிக்கிழமை திருப்பி மாட்டிடுகான்!"

கோமதிநாயகம் மைத்துனரின் இட்லிக் கையைப் பார்த்தார். "மாப்ளே, முதல்ல கையைக் கழுவும். வண்டி மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னே பாத்துடுவோம்."

*

பிள்ளையின் வீட்டு முற்றத்தில் ஜீப்பு வீட்டைப் பார்த்தபடி நின்றது. முன் டயர் இரண்டும் முதலாளியின் தலையைப் போலப் பளபளவென்று வழுக்கை. பின் டயர் இரண்டும் புதுசு. அவற்றின் ரப்பர்க் கட்டைகள் புதுமாப்பிள்ளையின் மீசை மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. மெக்கானிக் லிங்கத்தை ஆள்விட்டு வரவழைத்திருந்தார்கள். டிரைவர் உச்சிமாகாளி ஒரு கையில் துடைக்கும் துணியோடு, துடைக்க மறந்து நின்றான்.

"சாரே, பதினோரு வருஷமா இந்த வண்டியிலதான் என் பிழைப்பு" என்றான் கோமதிநாயகத்திடம். "வேலை போனாக்கூட வேற வண்டி கிடைக்கும். கியரு திருடினவன்னு பேரு வந்தா எவன் என்னைச் சாவியைத் தொட விடுவான்?"

"மலையிலே முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பியா?"

"கொடுக்காம ஏறாது சாரே. சேறு முழங்கால் மட்டும் கிடக்கு. தார் ரோடு வந்ததும் லிவரைத் தள்ளி எடுத்துடுவேன்."

மெயின் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பிகளில் ஒன்றைக் காட்டினான். பின்னால் இழுத்தால் எஞ்சினின் பலம் நாலு சக்கரத்துக்கும் போகும். முன்னால் தள்ளினால் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும். கோமதிநாயகம் அதைச் சுண்டுவிரலால் இழுத்துத் திரும்பவும் முன்னால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வெண்ணெய் மாதிரி இருக்கே!"

லிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை; தன் பாதி மலையாளத்தில் ஆரம்பித்தான். "அது நம்மட கைப்பணி, கேட்டோ சாரே! கீழே ஜாயிண்ட் உடைஞ்சு போயிருந்நு. ஆயுத பூசை சமயத்தில ஞான் ஒரு நல்ல ஸ்பிரிங் போட்டு முடுக்கிக் கொடுத்து. முன்னெல்லாம் இவன் ரெண்டு கையாலயும் தொங்கணும். இப்போ கொச்சுப் பிள்ளைகூடத் தள்ளும்."

"பலே" என்றார் கோமதிநாயகம். அந்த 'பலே'யில் ஒரு உள்குத்து இருந்ததாக வன்னியபெருமாளுக்குத் தோன்றியது. ஆகவே லிங்கமும் சந்தேகத்துக்குரியவனாகிவிட்டான்.

முத்தாரம்மாள் காப்பியோடு வந்தாள். அம்மாள் ஐந்தடிக்குக் கீழேதான். ஆனால் அவள் உள்ளேயிருந்து இருமினால் பிள்ளை வெளியே எழுந்து நிற்பார்.

"ஆச்சி, புது டயரை ஏன் பின்னால மாட்டியிருக்கு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"பின்னே? முன்னால உள்ளது ராசியான டயருல்லா! அதுக எலுமிச்சம்பழம் நசுக்கின வருஷந்தான் மூத்தவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது, நல்லமிளகுக்கும் வெலை ஏறிச்சு. இந்த ஆயுத பூசைக்குப் புதுசு ரெண்டு வாங்கினாரு. ராசி உள்ளதைத் தொடாதீங்க, பின்னால மாட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன்."

"சரிதான். வெள்ளிக்கிழமைக்குன்னு வேற ஏதாவது முறை உண்டுமா?"

"சாமிக்குப் போற வண்டி பின்னால ஒரு அடி எடுத்து வைக்கப்பிடாது. வியாழக்கிழமை விளக்கு வச்சாச்சுன்னா, மறுநாள் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் முன்னாலதான் போகணும். எங்க மாமியா காலத்துல வில்வண்டிக்கே அதுதான் முறை."

வன்னியபெருமாளுக்குக் கொட்டாவி வந்தது. கியர்த் திருடனைத் தேடும் இடத்தில் மாமியாரின் வில்வண்டி எதற்கு? அவர் மெல்ல நழுவி வீட்டைச் சுற்றி வந்தார். போனவர் ஓடி வந்தார்.

"அத்தான், பின்வாசல்!"

பின்பக்கம், ஆற்றங்கரைச் சந்தில் திறக்கும் இன்னொரு கேட்டு இருந்தது. அதிலிருந்து வீட்டுப் பக்கவாட்டில் முற்றம் வரைக்கும் சக்கரத் தடம்!

"கள்ளன் பின்வாசல் வழியா வாரான்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"தடம் எங்கே போய் முடியுது மாப்ளே?"

"முன்கேட்டுக்கு."

"அப்பம் கள்ளன் பின்வாசல்ல வந்து முன்வாசல்ல போறான். எல்லாரும் பாக்கும்படியா."

வன்னியபெருமாள் குனிந்து தடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

உச்சிமாகாளி வண்டியில் ஏறி, கேட்டுக்கு வெளியே எடுப்பதற்காகப் பின்கியரில் மெல்ல நகர்த்தினான். ஒரு முழம் நகர்ந்திருக்காது, அடியிலிருந்து ஒரு சத்தம்.

டக்!

வன்னியபெருமாள் துப்பாக்கி என்று நினைத்துத் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். தூண் மெலிசு, அவர் இரண்டு பக்கமும் தெரிந்தார்.

"அது ஒண்ணுமில்ல வே" என்றார் பிள்ளை. "கொஞ்ச நாளா தினமும் காலையில உள்ளதுதான். நான் கண் முழிக்கதே அந்தச் சத்தத்துலதான். வெள்ளிக்கிழமைதான் உறங்கிப்போய் இவகிட்ட ஏச்சு வாங்குவேன்."

கோமதிநாயகம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில், சாம்பாரில் முருங்கைக்காய் அகப்பட்டவரின் அமைதி.

"பிள்ளைவாள், நாளைக்கு நாங்களும் கோயிலுக்கு வாரோம். லிங்கம், நீயும் வா. இன்னைக்கு ராத்திரி வண்டியை யாரும் தொடப்பிடாது. எதையும் மாத்தப்பிடாது."

"சர்ட்டிபிகேட்டு?"

"தெருமுக்குல வச்சுத் தாரேன்."

வீடு திரும்பும்போது வன்னியபெருமாளின் தலைக்குள் சாலைச் சந்தையே கூடியிருந்தது. வண்டி கெட்டுப்போகும் நாளில் கியர் என்ன ஆகிறது என்று அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! டயர், மாமியார், எலுமிச்சம்பழம், உறக்கம். இதில் எது கியர்?

"கெட்டுப்போற நாளை எல்லாரும் பாத்துட்டாங்க, மாப்ளே" என்றார் கோமதிநாயகம். "கெட்டுப்போகாத நாளை ஒருத்தரும் பாக்கல்ல. வாரத்துல ஆறு நாள் இந்த வண்டியை யாரோ தினமும் காலையில ரிப்பேர் பண்ணுகாங்க. அது யாருன்னு உமக்குத் தெரிஞ்சா மீதியும் தெரிஞ்சுடும்."

இதைக் கேட்டு வன்னியபெருமாளின் குழப்பம் மூன்று பங்காயிற்று. அதுவரை ஒரு கள்ளன்தான். இப்போது கள்ளத்தனமாக ரிப்பேர் செய்கிறவன் ஒருவனும் சேர்ந்துகொண்டான்.

சாயங்காலம் அவர் அத்தானிடம் சொல்லாமலே பிள்ளை வீட்டுப் பின்வாசலில் பலாமரத்தடியில் பதுங்கினார். கடையிலேயே பெரிய குடையை ஆயுதமாகக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்குள் விளக்கு ஏற்றி மணி அடித்த கொஞ்ச நேரத்தில் சந்தில் ஜீப்பின் சத்தம். உச்சிமாகாளி இறங்கினான், பின்கேட்டைத் திறந்தான்.

"அசையாதே!" என்று குடையோடு குதித்தார் வன்னியபெருமாள். குதித்த வேகத்தில் குடை விரிந்து அவரையே மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, மழை விட்டாச்சே!" என்றான் உச்சிமாகாளி, பயந்துபோய்.

"பின்வாசல்ல உனக்கு என்னடே வேலை?"

"அம்மாவோட உத்தரவுல்லா! வியாழக்கிழமை விளக்கு வச்ச பிறகு பின்கியர் கிடையாது. முன்கேட்டு வழியா உள்ளே போனா காலையில பின்னால எடுக்கணும். அதனால இந்த வழியா வந்து, நேரா முன்கேட்டைப் பாத்து நிறுத்திடுவேன். காலையில முன்னாலயே போயிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, நாளைக்கு வண்டி நிக்காம இருக்க ஏதாவது வழி உண்டுமா? ஊருல ஆத்தாளுக்குக் கடுதாசி போடலாமா வேண்டாமான்னு நெனச்சுக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்."

வன்னியபெருமாளுக்குக் குடையை மடக்கத் தெரியாமல் போயிற்று. இருபது வருஷமாகக் குடை விற்கிறவருக்கு.

*

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பு நிரம்பி வழிந்தது. முன்னால் முத்தாரம்மாள், மடியில் பூக்கூடை. பின்னால் பிள்ளை, கோமதிநாயகம், வன்னியபெருமாள், லிங்கம். பிள்ளை அன்றும் நேரங்கழித்துத்தான் எழுந்திருந்தார். ஏச்சின் சூடு இன்னும் முகத்தில் இருந்தது.

வண்டி முன்கேட்டு வழியாக நேரே கிளம்பியது. சத்தம் எதுவும் இல்லை. கோமதிநாயகம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் கனமா இருக்கு சாரே" என்றான் உச்சிமாகாளி.

"நேத்து சாயங்காலம் மலையிலேருந்து வரும்போதும் இருந்துதா?"

"இருந்துது. மூட்டைப் பாரம்னு நெனச்சேன்."

"இப்ப மூட்டை இல்லியே."

"இவங்க மூணு பேரும் இருக்காங்களே சாரே" என்றான், பின்னால் திரும்பாமல். வன்னியபெருமாள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வலியசாலைத் தெருமுக்கு வந்தது. உச்சிமாகாளி ஸ்டியரிங்கைத் திருப்பினான். அது பாதியில் நின்றது. அவன் நரம்பு புடைக்க இழுத்தான். வண்டி ஒரு தத்துத் தத்தியது. இன்னொரு தத்து. அடியிலிருந்து புறப்பட்ட முனகல் இருக்கிறதே, ஆனை ஒன்று பல்வலியோடு தாலாட்டுப் பாடினால் அப்படி இருக்கும். எஞ்சின் செத்தது. தெருவில் கோலம் போட்டவர்கள் கோலப்பொடியோடு நிமிர்ந்தார்கள்.

"பாத்தீரா!" பிள்ளை குதித்து இறங்கினார். "இறங்குடே! நட ஸ்டேஷனுக்கு!"

உச்சிமாகாளி இறங்கினான். சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினான்.

"சாவி அவங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் கோமதிநாயகம், நிதானமாக இறங்கி வேட்டியைச் சரிசெய்தபடி. "பிள்ளைவாள், ஒரு கியரும் களவு போகல்ல. வண்டி இப்பம் நாலு சக்கரத்துலயும் இழுக்குது. அதுதான் கேடு."

"இல்ல சாரே! லிவரைப் பாருங்க, நேத்து வித்துரா தாண்டினதுமே எடுத்துட்டேன்!" என்றான் உச்சிமாகாளி.

"நீ லிவரைத்தான் எடுத்தே. உள்ளே கியர் வரல்ல. லிங்கம், முன்னெல்லாம் இவன் ரெண்டு கையாலயும் தொங்கினாத்தான் அது விடும். ஏன்? உள்ளே பல்லும் பல்லும் இறுகிக் கிடக்கும். இப்பம் நீ ஒரு ஸ்பிரிங் போட்டே. இவன் தள்ளுகது ஸ்பிரிங்கைத்தான். லிவர் வெண்ணெயா வந்துடும். ஸ்பிரிங் அழுந்திக்கிட்டு, கியர் எப்படா இளகும்னு காத்துக்கிட்டே நிக்கும்."

லிங்கத்தின் முகம் சுருங்கியது. "அய்யோ, நம்மட ஸ்பிரிங்கா?"

"உன் ஸ்பிரிங் மட்டும் இல்ல. ஏன் இவ்வளவு இறுகுது? மாப்ளே, இங்கே வாரும்."

கோமதிநாயகம் தன் துண்டால் வன்னியபெருமாளின் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்து முடிந்தார். அக்கிரகாரமே வேடிக்கை பார்த்தது. "நடப்போம். ரெண்டு பேரும் ஒரே எண்ணிக்கையிலதான் காலெடுத்து வைக்கணும். ஆனா உமக்கு எட்டு சின்னது. நாலு எட்டுல என்ன ஆகுது?"

"துண்டு இறுகுது அத்தான். வயிறு வலிக்குது!"

"முன்டயரு தேஞ்சுபோய் வட்டம் சின்னதாயிட்டுது. பின்டயரு புதுசு, வட்டம் பெரிசு. அதே தூரம் போக முன்சக்கரம் அதிகம் சுத்தணும். ஆனா நாலு சக்கர இழுவையில முன்னையும் பின்னையும் ஒண்ணா முடிஞ்சு போட்டிருக்கு. மலையிலே சேறு வழுக்கிக் கொடுக்கும், தெரியாது. தார் ரோட்டுல வழுக்காது. போகப் போக முறுக்கு ஏறும். திருப்பத்துல முன்சக்கரம் இன்னும் சுத்து எடுக்கும். அதுதான் இந்த முக்கு வந்ததும் உயிர் போகுது."

"அப்பம் மத்த நாளு?" பிள்ளை இன்னும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த நாளு உம்மை எழுப்புகது எது?"

பிள்ளை விழித்தார். "டக்…"

"அதேதான். காலையில முற்றத்திலேருந்து பின்னால எடுக்கான். பின்னால போனா முறுக்கு அவிழும். அவிழ்ந்த கணத்துல ஸ்பிரிங் கியரைத் தட்டிவிடும். டக்! உச்சிமாகாளிதான் தினமும் காலையில வண்டியை ரிப்பேர் பண்ணினவன், அவனுக்கே தெரியாம. வெள்ளிக்கிழமை மட்டும் அவனுக்குப் பின்கியர் கிடையாது. பின்வாசல்ல வந்து முன்வாசல்ல போறான். உமக்கும் முழிப்பு வாரதில்ல."

தெருவில் யாரோ 'அடடா' என்றார்கள். எல்லாருடைய பார்வையும் மெல்ல, மிக மெல்ல, முன்சீட்டுக்குப் போயிற்று. ராசியான டயரும் பின்கியர்த் தடையும் அங்கேதான் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தன.

பிள்ளை தன் பார்வையை மட்டும் உடனே திருப்பிக்கொண்டார். மனைவியைக் குற்றம் சொல்வதா, டிரைவரைக் குற்றம் சொல்வதா என்று வந்தால் அவருக்கு எது லேசு என்பது எல்லாருக்கும் தெரியும். "இதெல்லாம் பேச்சு ஓய். நிரூபிச்சுக் காட்டும்."

"காட்டலாம். ரெண்டு அடி பின்னால போனாப் போதும். ஆனா…" கோமதிநாயகம் அம்மாளைப் பார்த்துக் கை கூப்பினார். "ஆச்சி உத்தரவு வேணும்."

"சாமிக்குப் போற வண்டி பின்னால போகப்பிடாது" என்றாள் முத்தாரம்மாள்.

"நாலு வாரமா தள்ளுகாங்களே ஆச்சி."

"அது ஊர்க்காரங்க தள்ளினது. நான் சொல்லித் தள்ளல்ல."

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டான். அத்தானுக்குக்கூட அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதை வன்னியபெருமாள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார்.

முத்தாரம்மாள் டிரைவர் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"நான் நடந்து போறேன்" என்றாள். "இப்பம் அது சாமிக்குப் போற வண்டி இல்ல. வெறும் வண்டி. பின்னால எடுடே, உச்சிமாகாளி."

அவன் பாய்ந்து ஏறினான். எஞ்சின் உறுமியது. வண்டி பின்னால் ஒரு முழம் நகர்ந்தது.

டக்!

அந்தச் சத்தம் மைல் கணக்கில் தள்ளியிருந்த பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும் என்பது வன்னியபெருமாளின் கணக்கு. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஜீப்பு அந்த முக்கை ஒரு முனகல் இல்லாமல் சுற்றி, கோயில் வாசலில் போய் நின்றது. நடந்தே வந்த முத்தாரம்மாள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

கும்பிட்டு முடித்து வெளியே வந்தவள், பிரசாதத்தை முதலில் உச்சிமாகாளியின் கையில் வைத்தாள். "நாளைக்கே நாலு டயரும் ஒண்ணுபோல மாட்டிடு. ராசியான ரெண்டையும் கொல்லையில போடு, உள்ளே மண்ணைப் போட்டு மல்லிகை வைக்கேன். ராசி வீட்டை விட்டுப் போகப்பிடாது."

"நம்மட ஸ்பிரிங்?" என்றான் லிங்கம், ஈனக்குரலில்.

"நீ அதைக் கழற்றி உன் வீட்டுக் கட்டிலுக்குப் போடு" என்றார் கோமதிநாயகம்.

பகவதிப்பெருமாள் பிள்ளை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பது அவருடைய குடும்பத்தில் வழக்கமில்லை. தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

"உச்சிமாகாளி, நாளைக்குத் தோட்டத்துக்குச் சீக்கிரம் கிளம்பணும், என்னடே? மழை வாரதுக்கு முன்னே மிளகை இறக்கணும்."

உச்சிமாகாளி சாவியை மடியில் செருகினான். முகம் முழுக்கப் பல்.

"சரி மொதலாளி. முன்கியருல எடுக்கவா, பின்கியருல எடுக்கவா?"

"பின்கியருலயே எடு" என்றார் பிள்ளை. "இல்லேன்னா நான் எப்படி எழும்புகது?"